எங்கள் பெயரைச் சொல்லி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி வீட்டு சார் ஒரு அட்டையில் காகிதம் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தெருவில் குழாய்த் தண்ணீர் நிறம் மாறினாலும் விளக்கு எரியாவிட்டாலும் முதலில் மனு எழுதுகிறவர் அவர்தான். அந்த மனுக்களிலெல்லாம் என் கையெழுத்தும் இருக்கும்.

"ஏம்மா, ஒரு கையெழுத்துப் போடு. சேப்பாக்கம் பக்கம் இந்த ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம் எதுக்கும் இனிமே பர்மிஷன் தரக் கூடாதுன்னு கமிஷனருக்குப் போகுது. முப்பது வீடு போட்டாச்சு."

வாங்கிப் படித்தேன். சுத்தமான ஆங்கிலம். திருவல்லிக்கேணியை 'அமைதியான குடியிருப்புப் பகுதி' என்று வர்ணித்திருந்த இடத்தில் மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு வருத்தம். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். போராடுவது உரிமைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் நகரின் நட்டநடுவில் எதற்கு? பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆம்புலன்ஸ் போக வேண்டாமா, குழந்தைகள் படிக்க வேண்டாமா, கடைக்காரன் பிழைக்க வேண்டாமா? ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தை ஒதுக்கிக் கொடுத்தால் அவர்களும் கத்தலாம், நாமும் நிம்மதியாக இருக்கலாம். தொலைக்காட்சி விவாதத்தில் இதைத்தான் சொல்கிறார்கள், ஷேர் ஆட்டோவிலும் இதைத்தான் பேசுகிறார்கள். நீதிமன்றத்தில் போடப்படும் மனுக்களும் இதைத்தான் சொல்கின்றன.

இந்த வாதம் முழுக்க 'பக்கத்தில் குடியிருப்பவர்கள்' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களில் நான் ஒருத்தி. முப்பது வருடத்துக்கு மேலாகப் பெல்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறேன். அதற்குப் பாபு ஜெகஜீவன்ராம் சாலை என்று எப்போதோ பெயர் மாற்றிவிட்டார்கள், ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் பெல்ஸ் ரோடுதான். எங்களுக்காகப் பேசுகிறவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

முதலில் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. காலை பத்து மணிக்கு 'சோதனை, சோதனை, ஒன், டூ, த்ரீ' என்று ஒலிபெருக்கி தொடங்கினால் மாலை வரைக்கும் நிற்காது. ஒரே முழக்கத்தை இருநூறு தடவை கேட்டால் அதில் உள்ள நியாயம்கூட எரிச்சலாகிவிடும். கழிப்பறை கிடையாது, ஆண்கள் சுவர் தேடுவார்கள், பெண்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஒருமுறை ஒரு கட்சி ஊர்வலத்தில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம். டயாலிசிஸ் முடிந்து களைத்துக் கிடந்த அப்பா ஆட்டோவில் சாய்ந்திருக்க, கொடிக்கம்பால் முன்கண்ணாடியைத் தட்டி "கொஞ்சம் பொறு, என்ன அவசரம்" என்றான் ஒருவன். அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கட்சிக்கு இன்றுவரை என் வீட்டில் ஒரு ஓட்டும் விழவில்லை.

ஆனால் எங்கள் வாழ்க்கை எதனால் நின்றுபோகிறது என்று உண்மையிலேயே கணக்குப் பார்க்க நினைத்தால், முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். என் வீட்டிலிருந்து நாலு நிமிட நடையில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். 30,000-க்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம். 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து ஆட்ட நாட்களில் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா ஹாஸ்டல் சாலை எல்லாம் காவல்துறை கையில். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் பதினொன்றைத் தாண்டித்தான் முடியும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஒவ்வொரு சிக்ஸருக்கும் எங்கள் ஜன்னல் கம்பி அதிரும்போது அந்த விதிகள் எங்கே போகின்றன என்று தெரியவில்லை. மைதானத்துக்குப் பக்கத்திலேயே கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறது, பிள்ளை பெறுகிறவர்கள் படுத்திருக்கும் இடம். கிரிக்கெட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோ என்று மாடி வீட்டு சார் இதுவரை மனு எழுதியதில்லை. அவரும் மஞ்சள் சட்டை போடுகிறவர்தான். போடட்டும், நானும் பார்ப்பேன்.

அப்படி ஓர் ஆட்ட நாளில்தான் அப்பாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது தெருமுனையில் நிறுத்தினார்கள். எங்கள் தெரு, எங்கள் வீடு, அதோ தெரிகிறது என்று கையைக் காட்டினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற காவலர் சின்னப் பையன், வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். "டிக்கெட் இருக்கா மேடம்?" என்று கேட்டான். அப்பாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு. பிறகு சுற்றிக்கொண்டு ஐஸ் ஹவுஸ் வழியாக வந்து சேர முக்கால் மணி நேரம்.

2024 அக்டோபர் 6-ஆம் தேதி விமானப்படை தன் 92-ஆம் ஆண்டு விழாவுக்கு மெரினாவில் சாகசம் காட்டியது. லட்சக்கணக்கான ஜனம். வெயில், தண்ணீர் இல்லை, பறக்கும் ரயில் நிலையங்களில் மூச்சுவிட இடமில்லை. 5 பேர் இறந்தார்கள். அன்று மதியம் எங்கள் சந்தில் நிழல் தேடி உட்கார்ந்தவர்களுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தோம். ஏற்பாட்டில் குறை என்றார்கள், குடிநீர் போதவில்லை என்றார்கள், ரயில் இன்னும் விட்டிருக்கலாம் என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் 'நகர மையத்தில் கூட்டம் கூடுவதே தப்பு' என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் வேடிக்கை பார்க்க வந்தால் அதற்கு வசதி செய்து தரவில்லையே என்று கோபப்படுகிறோம். அதே கூட்டம் ஏதாவது கேட்க வந்தால் அது வந்ததே குற்றமாகிவிடுகிறது. தேர், பிள்ளையார் ஊர்வலம், தலைவர்களின் வாகன அணிவகுப்பு, ஐந்தாறு வருடமாக மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட சாலைகள் இதையெல்லாம் இந்த ஊர் பொறுத்துக்கொள்கிறது. பொறுமை இருநூறு சத்துணவு ஊழியர்கள் உட்காரும்போது மட்டும் தீர்ந்துவிடுகிறது.

போராட்ட நாளில் வழியை அடைப்பது யார் என்பதையும் பார்த்தே தீர வேண்டும். நான் பார்த்த ஆர்ப்பாட்டங்களில் முக்கால்வாசியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு நடைபாதையையும் அரைச் சாலையையும் தாண்டவில்லை. அவர்களைச் சுற்றி மூன்று அடுக்கு இரும்புத் தடுப்பு, அதைத் தாண்டி வஜ்ரா வண்டி, கைதாகிறவர்களை ஏற்றிப்போக வரிசையாக மாநகரப் பேருந்துகள், அதற்கும் அப்பால் போக்குவரத்து மாற்றம். நூறு பேர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஆயிரம் பேருக்கான அடைப்பு. இது சென்னைக்கு மட்டும் உள்ள பழக்கமுமில்லை. தில்லி ஷாஹீன் பாக்கில் பெண்கள் சாலையில் உட்கார்ந்திருந்தபோது, அவர்களோடு பேச உச்ச நீதிமன்றம் நியமித்தவர்களுக்குத் துணையாகச் சென்றவர் முன்னாள் தலைமைத் தகவல் ஆணையர் வஜாஹத் ஹபிபுல்லா. 2020 பிப்ரவரியில் அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், போராட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத சாலைகளையும் காவல்துறை அடைத்து வைத்திருப்பதால்தான் நெரிசல் இவ்வளவு என்று எழுதினார். அந்த அடைப்புகளுக்கான பழியும் அந்தப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த தீர்ப்பு, பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க முடியாது, போராட்டம் ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் என்றது. அந்தத் தீர்ப்பின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. மாதக்கணக்கில் ஒரு பெருஞ்சாலை மூடியிருப்பது நியாயமில்லைதான். எனக்குப் பயம் 'ஒதுக்கப்பட்ட இடம்' என்ற இரண்டு சொற்கள்மேல்.

அந்த இடம் ஒரு நாளும் நிலைத்து நிற்பதில்லை. தில்லியையே பாருங்கள். 1988-இல் உத்தரப் பிரதேச விவசாயிகள் மாட்டு வண்டியும் டிராக்டருமாக வந்து போட் கிளப் புல்வெளியை நிறைத்தார்கள். சில வருடங்களில் அங்கே கூடவே தடை. போராட்டம் ஜந்தர் மந்தருக்குத் தள்ளப்பட்டது. 2017-இல் ஜந்தர் மந்தர் சாலையில் குடியிருப்பவர்கள் சத்தமும் அசுத்தமும் தாங்கவில்லை என்று பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அக்டோபரில் தீர்ப்பாயம் அங்கேயும் தடை போட்டு, ராம்லீலா மைதானத்துக்குப் போகச் சொன்னது. அந்த வருடம் ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளை முன்னால் வைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் நம் ஊர் விவசாயிகள். மறுவருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம், குடியிருப்பவர்களின் புகாரை மதித்துக்கொண்டே, முழுத் தடை செல்லாது, நெறிமுறை வகுத்து அனுமதியுங்கள் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் காதும் முக்கியம், தெருவில் நிற்பவனின் குரலும் முக்கியம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. அதற்கும் முன்பே, 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் அரசியல் சட்ட அமர்வு, தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது என்று சொல்லியிருந்தது.

சென்னையின் கதையும் கிட்டத்தட்ட அதே பாதை. ஒரு காலத்தில் கூட்டமென்றால் மெரினா. அங்கே தலைவர்கள் பேசுவதற்கென்றே இருந்த சீரணி அரங்கம் 2003-இல் இடிக்கப்பட்டது. 2018-இல் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க அனுமதி வேண்டி விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 90 நாள் கேட்டவர்களுக்குத் தனி நீதிபதி ஒரே ஒரு நாள் கொடுத்தார். மேல்முறையீட்டில் அதுவும் நின்றுபோனது. பிறகு சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை, வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம், சிவானந்தா சாலை என்று துரத்தல். இவற்றுக்கும் முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1888-இல் வெள்ளைக்காரன் போட்ட சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவின் கீழ் வரும் தடை உத்தரவு 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு ஆண்டு முழுக்க உயிரோடு இருக்கிறது. நம் தெருவில் குடிநீர்க் குழாயைக்கூட இவ்வளவு ஒழுங்காகப் பராமரித்தது கிடையாது.

அடுத்தது எங்கே? கிளாம்பாக்கம்தான் பாக்கி. பேருந்து நிலையத்தையே அங்கே அனுப்பியவர்களுக்கு ஆர்ப்பாட்டத்தை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

ஏன் சேப்பாக்கம், ஏன் நுங்கம்பாக்கம் என்று கேட்பவர்கள் இந்த ஊரின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வருவாய்த் துறையும் பொதுப்பணித் துறையும் எழிலகத்தில். ஆசிரியர்கள் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வாசலில் உட்காருவது கல்வித் துறை அங்கே இருப்பதால்தான். ஒப்பந்தச் செவிலியர்கள் 2017-இல் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தை நிறைத்தது மருத்துவத் துறை அங்கே இருப்பதால். தலைமைச் செயலகம் கோட்டையில். அதிகாரம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு எதிரில் நின்றுதானே கேட்க முடியும்? கேட்கப்படுகிற காது கோட்டையில் இருக்க, கேட்கிற வாயைக் கிளாம்பாக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் முப்பது கிலோமீட்டரைக் கடந்து எந்தக் குரல் போகும்?

போகாது என்பதற்கு ஏகனாபுரம் இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் அந்தக் கிராமத்தில் 2022 ஜூலையில் உட்கார்ந்தார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் கூடினார்கள். 1,000 நாள் தாண்டியது. யார் வழியையும் மறிக்கவில்லை, யார் தூக்கத்தையும் கெடுக்கவில்லை, ஒரு ஆம்புலன்ஸும் நிற்கவில்லை. மாடி வீட்டு சார் கேட்கிற அத்தனை இலக்கணமும் பொருந்திய போராட்டம். ஆயிரமாவது நாள் என்றைக்கு வந்தது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், என்னையும் சேர்த்து.

இன்னொரு பக்கம் அரிட்டாபட்டி. மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்ததும் ஊர்ப் பொதுக்கூட்டம், கிராமசபைத் தீர்மானம், கடையடைப்பு எல்லாம் நடந்தன. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து நடந்தே மதுரைக்குள் நுழைந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் முன்னால் கூடினார்கள். மதுரை அன்று திணறியது உண்மை. ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. நடந்ததால் மட்டும்தான் ரத்தானது என்று நான் சொல்ல வரவில்லை; சட்டமன்றத் தீர்மானம் இருந்தது, கட்சிகளின் கணக்கு இருந்தது. ஆனால் அந்த ஜனங்கள் அரிட்டாபட்டி மலையடியிலேயே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்குகள் அவ்வளவு வேகமாகப் போடப்பட்டிருக்குமா?

தில்லி எல்லையில் உட்கார்ந்து ஜெயித்தார்களே பஞ்சாப் விவசாயிகள், அவர்கள் நகர மையத்துக்கு வரவில்லையே என்று ஒருவர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் அவர்களுக்கும் 2020 நவம்பரில் புராடியில் ஒரு மைதானம் ஒதுக்கினார்கள். அது திறந்தவெளிச் சிறை என்று சொல்லி மறுத்துவிட்டு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்தார்கள். ஒதுக்கிய இடத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

கலவரம் என்ற பயத்துக்கு வருகிறேன். மனுவின் இரண்டாம் பக்கம் முழுக்க அதுதான். எங்கள் பக்கத்தில் நான் கண்ணால் கண்ட கலவரம் ஒன்றே ஒன்று, 2017 ஜனவரி 23. அதற்கு முந்தைய ஆறு நாள் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் பகலும் இரவும் லட்சக்கணக்கான பிள்ளைகள். எங்கள் சந்தில் பால் வந்தது, பேப்பர் வந்தது, குப்பை வண்டி வந்தது. கடற்கரைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக நடந்து திரும்பினார்கள். சாதாரண நாளில் அந்த நேரத்துக்கு அந்தச் சாலையில் நான் அவர்களை அனுப்பியிருக்க மாட்டேன். ஏழாவது நாள் காலை கூட்டத்தைக் கலைக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் மாறியது. தடியடி, கண்ணீர்ப் புகை. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ. நடுக்குப்பம் மீன் சந்தை கருகிப்போனது. காவல் உடையில் இருந்தவர்களே வண்டிக்கும் குடிசைக்கும் தீ வைப்பதாகக் காட்டிய காட்சிகளை ஊர் முழுக்கப் பார்த்தது. விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் போட்டார்கள்.

அன்று பத்தரை மணி வாக்கில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு பையன் ஒளிந்திருந்தான். கல்லூரியில் முதல் வருடமாக இருக்கும். ஒரு காலில் செருப்பு இல்லை. "ஆன்ட்டி, கொஞ்சம் தண்ணி. அம்மாவுக்கு ஒரு போன் மட்டும்" என்றான். கதவைச் சாத்தி உட்கார வைத்தோம். அவனுக்கு மோர் கரைத்துக் கொடுத்தது யார் தெரியுமா? இன்றைக்கு மனுவோடு நிற்கும் மாடி வீட்டு சாரின் மனைவி. சாயங்காலம் அவனைச் சென்ட்ரல் வரை கொண்டுபோய் விட்டது சார்தான், தன்னுடைய பழைய ஸ்கூட்டரில். இதை அவர் மறந்திருக்க மாட்டார். மனுவில் 'கடந்த கால வன்முறைச் சம்பவங்கள்' என்று எழுதியபோது எதை நினைத்தார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

குடியிருப்பவர்கள் என்ற சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று. நடுக்குப்பத்தில் இருப்பவர்கள் குடியிருப்பவர்கள் இல்லையா? கடற்கரையை அழகுபடுத்த வலையையும் கட்டுமரத்தையும் எடுக்கச் சொல்லி 1985-இல் அவர்கள்மேல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர்களுக்குப் போராட்டம் என்பது பக்கத்துத் தெருவில் யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து செய்யும் தொல்லையாக இருந்ததே இல்லை. 2017-இல் ஓடி வந்த பிள்ளைகளுக்கு அவர்கள்தான் முதலில் கதவைத் திறந்தார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போகும் இந்த மனுவில் நடுக்குப்பத்துக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. கேட்கப் போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று வழக்கு. உயர் நீதிமன்றம் அகற்றச் சொன்னது. அன்று நள்ளிரவை ஒட்டி காவல்துறை வந்து பெண்களை இழுத்துப் போனது. நகர மையத்தின் நடைபாதைகளை விடியுமுன் பெருக்கி வைக்கிறவர்கள் அவர்கள். அதே நடைபாதையில் பகலில் உட்கார்ந்ததற்கு நடைபாதையின் பெயராலேயே தூக்கப்பட்டார்கள். சென்னையின் நடைபாதைகளில் கார் நிறுத்துகிறார்கள், கடை விரிக்கிறார்கள், மின்மாற்றி வைக்கிறார்கள், கட்-அவுட் நடுகிறார்கள். நடக்க இடமில்லையே என்று இந்த ஊருக்குத் திடீரென்று உறைத்தது அந்தப் பதின்மூன்று நாட்களில்தான்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் வாழ்ந்தவர்களை இருபது இருபத்தைந்து வருடமாகக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் போனவர். விடிகாலை நாலரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். கடைசியில் முடியாமல் நின்றுவிட்டார். வீட்டை மையத்திலிருந்து அகற்றியாகிவிட்டது. இப்போது அவர் குறை சொல்ல வரும் இடத்தையும் அகற்ற வேண்டும் என்கிறோம். அதுவும் யாருடைய நிம்மதிக்காக? அகற்றப்படாமல் இங்கேயே தங்கிவிட்ட என் போன்றவர்களின் நிம்மதிக்காக. அந்த நிம்மதியில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா இல்லையா?

அந்தக் காலத்துப் போராட்டம் வேறு, கண்ணியமானது, இப்போது எல்லாம் கட்சிக் கூத்து என்பார்கள். அந்தக் காலத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்களோ! 1907-இல் விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நாள்தோறும் பேசியபோது கூட்டம் தெருவெல்லாம் வழிந்திருக்கும். 1923 மே 1-ஆம் தேதி சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று இதே கடற்கரை. 1927-இல் மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீலின் சிலையை அகற்றச் சொல்லி மறியல் செய்தவர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றுதான் கைதானார்கள் என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பத்து வருடம் கழித்துச் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1959-இல் கடற்கரையில் உழைப்பாளர் சிலை வைத்தோம். நாலு பேர் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்கள். வெண்கலத்தில் நின்றால் பரவாயில்லை போலிருக்கிறது.

தொல்லை இருக்கிறதென்றால் அதைத் தீர்க்க வழியா இல்லை? சிவானந்தா சாலையில் பத்துக் கழிப்பறை கட்டுவதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. ஒலிபெருக்கிக் குழாயை எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டாதே, கூட்டத்தைப் பார்த்துப் பெட்டிகளை வை என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதலாம். தடுப்புகளை எங்கே வைக்கிறார்கள், எந்தச் சந்து திறந்திருக்கும் என்று முதல் நாளே தெருவுக்குச் சொல்லலாம்; ஆட்ட நாளுக்குப் பத்திரிகையில் வரைபடமே போடுகிறார்கள், அது முடிகிறதென்றால் இதுவும் முடியும். டயாலிசிஸ் போகிறவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்தால் போதும், அந்தச் சின்னப் பையன் என்னிடம் டிக்கெட் கேட்டிருக்க மாட்டான். எங்கள் சங்கம் இதையெல்லாம் கேட்டு மனு எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

நேற்றுச் சாயங்காலம் சாரைப் படியில் பார்த்தேன். மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "எல்லாம் சரிம்மா, ஆனா சத்தம்?" என்றார்.

"சத்தம்தான் பிரச்சினைன்னா ஒரு வரி சேர்த்துடுங்க சார். ஆட்டம், ஊர்வலம், கட்சிக் கூட்டம், ஆர்ப்பாட்டம், எதுவா இருந்தாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல மைக் கூடாது, தெருக்காரங்களுக்கு வழி விடணும்னு. நான் இப்பவே போடறேன்."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார். "ஆட்டத்தையும் சேர்த்தா இந்த முப்பது பேர்ல பாதி பேர் பின்வாங்கிடுவாம்மா" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூடியை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.